அரை ஹம்ப்பும் தலையணைச் சின்னமும்

“ஏனுங்க! இங்க எங்கண்ணனைக் காணமுங்க!”

ஓட்டு மெஷினைச் சுற்றி வைத்திருந்த அட்டை மறைப்புக்குள்ளிருந்து என் மனைவி செல்வி போட்ட சத்தம் இது.

அது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அறை. சுவரில் யானை, ஒட்டகம், முதலை எல்லாம் வரிசையாக வரைந்திருந்தார்கள். அதிகாரிகள் நாலு பேரும் முட்டி மோவாயில் இடிக்க, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாக்பீஸ் தூசி மூக்கில் ஏறியது. செல்விக்கு அடுத்தது நான்தான். அப்போதுதான் என் விரலில் மை வைத்திருந்தார்கள். அது காயட்டும் என்று ஊதிக்கொண்டு நின்றேன்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“யாரம்மா காணோம்?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“எங்கண்ணனுங்க!”

“கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?”

“காலையிலதானுங்க. கடையில இட்லி ஊத்திக்கிட்டிருந்தாரு.”

“என்ன சட்டை?”

“வெள்ளைச் சட்டைங்க. எலக்‌ஷன்ல நிக்கறவரு வேற என்ன போடுவாரு?”

பேனாவை எடுத்த போலீஸ்காரர் அதைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை.

பிள்ளைகளே, நான் இந்தத் தொடரை எழுதுவது என் மகள் காவ்யாவுக்கும் மகன் தருணுக்கும். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கன்னடம்தான் சரளம் என்று எனக்குத் தெரியும். அதனால் சின்னச் சின்னதாக எழுதுகிறேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன், பெரிதாக எழுதினால் எனக்கே மூச்சு வாங்கும். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிப்பதாகப் பத்திரிகையில் சொன்னார்கள். படிக்கட்டும்.

உங்கள் அம்மா ஏன் அப்படிச் சத்தம் போட்டாள் என்று சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

நம்ம கர்நாடகத்தில் இரண்டு சபை உண்டு. மேல்சபை, கீழ்சபை. “மேல்சபை மாடியிலயா அப்பா இருக்கு?” என்று தருண் ஒருநாள் கேட்டான். எனக்கும் ரொம்ப நாள் அந்தச் சந்தேகம் இருந்தது, கேட்க வெட்கம். இரண்டும் பெங்களூரில் ஒரே பெரிய கல் கட்டடத்தில்தான் கூடுகின்றன. நாம் எல்லோரும் வரிசையில் நின்று ஆள் அனுப்புவது கீழ்சபைக்கு. அதைத்தான் சட்டசபை என்கிறோம்.

அதற்காக மாநிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் தொகுதி. ஒரு தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. இதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோடுதான் இந்த வாரக் கதையில் எங்களை முழங்காலில் தட்டி விழவைத்தது.

இன்னொரு விஷயத்தையும் பெருமைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிறார்களே மை, அதைத் தயாரிப்பது நம்ம மைசூரில்தான். நாட்டில் யார் விரலில் அந்தக் கோட்டைப் பார்த்தாலும் “எங்க ஊர் மை” என்று சொல்லத் தோன்றும். ஒருதடவை பஸ்ஸில் சொல்லியும் விட்டேன். அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பெரியப்பா போட்ட பாதி ஓட்டு

எங்கள் ஊர் கௌதள்ளி. ஹனூர்ப் பக்கம். நான் சின்னவனாக இருக்கும்போது மெஷின் கிடையாது. கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் சின்னங்கள் இருக்கும். வேண்டிய சின்னத்தின் மேல் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

பிரசாரத்துக்கு ஜீப் வரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவதால், மைக் பிடிக்கிறவர் எல்லாவற்றையும் கன்னடத்தில் ஒருதடவை, தமிழில் ஒருதடவை சொல்வார். ஆகவே எங்களுக்கு மட்டும் எல்லா வாக்குறுதியும் இரண்டிரண்டு. தண்ணீர்க் குழாய் இரண்டு, பாலம் இரண்டு. வந்தது என்னவோ ஒன்றும் இல்லை.

என் பெரியப்பா நல்ல மனுஷர். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. ஒரு தேர்தலில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் தெரிந்தவர்கள். இரண்டு சின்னமும் தாளில் மேலும் கீழுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வேறு இருந்தது. பெரியப்பா யோசித்து, இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் சரியாக முத்திரையைக் குத்திவிட்டு வந்தார்.

“ஆளுக்குப் பாதி போட்டுட்டேன். மனஸ்தாபம் வேண்டாம் பாரு” என்றார்.

அந்த ஓட்டு செல்லாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஜெயித்தவரைப் பார்க்கும்போதெல்லாம், “பாதி நம்ம ஓட்டு” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார்.

சரி, மைசூருக்கு வருகிறேன்.

அரை ஹம்ப்

நான் ஹெப்பாளில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகி, இப்போது இருக்கிற இதே வீதியில் குடிவந்தோம். செல்வியின் அண்ணன் பழனிச்சாமி, அதாவது உங்கள் மாமா, எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பக்கம் ஒரு டிபன் கடை போட்டார். வீதிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மச்சான். இங்கிருந்து கரண்டி கேட்டால் அங்கிருந்து எறிவார்.

எங்கள் வீதி வழியாகத்தான் கம்பெனி பஸ்கள் ஹெப்பாளுக்குப் போகும். போகும் என்றா சொன்னேன், பறக்கும். வேகத்தடை வேண்டும் என்று எல்லோரும் கேட்டோம். மைசூரில் அதை ஹம்ப் என்றுதான் சொல்வோம். ஒருநாள் லாரி வந்தது, ஜல்லி வந்தது, தார் வாசம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்த ஹம்ப் நடு ரோட்டோடு நின்றுவிட்டது.

பாதி ரோட்டுக்கு ஹம்ப். மீதிப் பாதி வழுவழு.

“ஜல்லி தீர்ந்திருக்கும், நாளைக்கு வருவாங்க” என்றேன். நாளைக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

பஸ் டிரைவர்கள் என்ன முட்டாள்களா? ஹம்ப் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, போகிற பஸ் வருகிற பஸ் இரண்டும் மச்சான் கடைப் பக்கமாக ஒடித்துப் போக ஆரம்பித்தன. வேகம் மட்டும் குறையவில்லை. கடை முன்னால் இரண்டு மூங்கில் நட்டு ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார். பஸ் கண்ணாடி பட்டு மூங்கில் ஒருபக்கம் சாய்ந்தே போயிற்று. பஸ் சத்தம் கேட்டால் சாப்பிடுகிறவர்கள் தட்டோடு எழுந்து கடைப் படியில் ஏறுவார்கள். பஸ் போனதும் இறங்குவார்கள். ஒரு மசால் தோசையை முடிப்பதற்குள் கால் வலி வந்துவிடும். சட்னியில் புழுதி. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருவது குறைந்தது.

“இன்னொரு வருஷம் இப்படியே போச்சுன்னா கடையை எடுத்துப்போட்டு ஹனூருக்கே போயர்றேன் மாப்ள” என்றார் மச்சான் ஒருநாள், ஆறிப்போன இட்லியைப் பார்த்துக்கொண்டே.

செல்வி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளுக்கு மைசூரில் பிறந்த வீடு என்று இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

மறுநாளே எம்.எல்.ஏ. ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு தம்பி மரியாதையாக ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். ஹம்ப்புக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து எடுத்த படம். படத்தில் பாதி ஹம்ப்தான் விழுந்திருந்தது. ஆனால் படத்துக்குள் பார்த்தால் அது முழு ஹம்ப் மாதிரியே இருந்தது.

“வேலை முடிஞ்சுதம்மா” என்றான்.

“பாதிதான் முடிஞ்சிருக்குது சாமி.”

“நம்மது முழுசா முடிஞ்சுதம்மா.”

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மறுபடியும் போனாள். மறுபடியும் அதே போட்டோ.

மச்சான் நிற்கிறார்

அப்போது சட்டசபைத் தேர்தல் வந்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் மச்சான் கடையில் காபி குடித்துவிட்டு, “பண்ணிடலாம் அண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் வந்து, அவரும் டம்ளரோடு படியில் ஏறவேண்டியதாயிற்று. இறங்கி, மறுபடியும் “பண்ணிடலாம்” என்றார். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாரும் பண்ண வேண்டாம். நானே நிக்கறேன்!”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கடையில் இருந்தவர்கள் கை தட்டிவிட்டார்கள். கை தட்டியபிறகு மனுஷன் பின்வாங்க முடியுமா?

சுயேச்சையாக நிற்பவருக்கு அந்தத் தொகுதி ஓட்டர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் வேகமாகப் பேனாவை எடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க வேண்டாம் மாப்ள. தங்கச்சி புருஷன் கையெழுத்துப் போட்டா, சொந்தக்காரனை வெச்சு நிக்கறான்னு பேசுவாங்க. வெளி ஆளுங்க போட்டாத்தான் நமக்குக் கௌரவம்.”

கடைக்குப் பின்னால் இருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைகளே, அன்றைக்கு மட்டும் என்னைக் கையெழுத்துப் போட விட்டிருந்தால், ஆபீசர் அங்கேயே பார்த்துச் சொல்லியிருப்பார். இந்தக் கதையே இருந்திருக்காது. கௌரவம் கெடுத்தது.

சின்னம் கேட்டார்கள். மச்சான் குக்கர் கேட்டார், அதை வேறொருவர் வாங்கிவிட்டார். காபி கப் கேட்டார், அதுவும் போயிற்று. கடைசியில் கிடைத்தது தலையணை.

வீட்டுக்கு வந்து சொல்லும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. செல்விதான் தேற்றினாள்.

“ஏண்ணா, ரோட்டுக்குக் குறுக்கால ஒரு தலையணையைப் போட்டா எப்படி இருக்கும்? ஹம்ப் மாதிரியே இருக்கும்ல? சாமி கொடுத்த சின்னம்ணா இது!”

மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது.

ஒன்று சின்னம், இரண்டு லஞ்சம்

எங்கள் வீடுதான் தேர்தல் ஆபீஸ். செல்விதான் எல்லாம். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வீடு விடாமல் அவளுக்குப் பழக்கம். வாசல் வாசலாக நின்று பேசினாள். ஒரு ஆட்டோவின் மேல் எங்கள் படுக்கையறைத் தலையணையைக் கட்டி, மைக் வைத்து, நான் கூவுவேன். கௌதள்ளி வழக்கப்படி இரண்டு பாஷையிலும்.

“நம்ம குருது திம்பு! நம்ம சின்னம் தலையணை!”

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? “இவரை அனுப்பினா சட்டசபையில தூங்குவார்” என்றார்கள். மச்சான் அசரவில்லை. “மத்தவங்க தலையணை இல்லாமயே தூங்கறாங்க. நான் சொல்லிட்டுத் தூங்கறேன்” என்றார். அந்தப் பேச்சுக்கு நல்ல கைதட்டல்.

ஒருநாள் மழை பெய்து ஆட்டோ மேல் கட்டியிருந்த தலையணை ஊறிப்போயிற்று. பிழிந்தால் வாளித் தண்ணீர் வரும். சரி என்று இன்னொரு தலையணையை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினோம். மெயின் ரோட்டில் தேர்தல் பறக்கும் படை வழி மறித்தது.

“மேலே இருக்கிறது என்ன?”

“சின்னம் சார்.”

“உள்ளே இருக்கிறது?”

“அதுவும் சின்னம்தான் சார்.”

“ஒரு ஆளுக்கு ஒரு சின்னம்தானே? இரண்டாவது எதுக்கு? ஜனங்களுக்குக் கொடுக்கவா?”

ஒரு தலையணை இருந்தால் அது சின்னம், இரண்டு இருந்தால் அது லஞ்சம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆபீசர் தலையணையை அமுக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அது என்னுடைய தலையணை. தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறவன் நான். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதை யாருக்கும் லஞ்சமாக் கொடுக்க முடியாது. போங்க” என்றார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் ஆட்டோவின் ஸ்பீக்கர் எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. மச்சான் கடைப் பக்கம் இரண்டு மூன்று வீடு, ஆட்டோ ஸ்டாண்ட், அப்புறம் ஒரு நீளமான கம்பெனிச் சுவர். சுவருக்கு ஓட்டு இல்லையே என்று அந்தப் பக்கம் நாங்கள் திரும்பவே இல்லை. நோட்டீஸில் தொகுதிப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. நாங்கள் அதை வாசித்தோமா? தலையணை தலையணை மாதிரி அச்சாகியிருக்கிறதா, செங்கல் மாதிரி இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

மறுபடியும் ஒன்றாம் வகுப்பு

இப்போது அந்த யானை, ஒட்டகம் வரைந்த அறைக்கு வருவோம். செல்வி இன்னும் அட்டை மறைப்புக்குள் நிற்கிறாள்.

“நல்லாப் பார்த்துட்டனுங்க. மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டேன். கீழயிருந்து மேல பார்த்துட்டேன். செருப்பு இருக்குது, சீப்பு இருக்குது, தலையணை இல்லீங்க! எங்கண்ணன் போட்டோவே இல்லீங்க!”

பெரிய அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு மேலே தள்ளிக்கொண்டு எழுந்தார். எழும்போது பெஞ்சும் கூடவே எழுந்தது.

“உள்ளே சத்தம் போடக் கூடாதம்மா. உங்க அண்ணன் பேரென்ன?”

“பழனிச்சாமிங்க.”

அவர் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இந்தத் தொகுதியில அப்படி யாரும் நிக்கலையே.”

“நிக்கலையா? ஊர் பூரா நின்னாரு சார்! தலையணையைக் கட்டிக்கிட்டு நின்னாரு!”

அந்த நேரம் பார்த்து, எதிர் அறையிலிருந்து மச்சான் வெளியே வந்தார். அது இரண்டாம் வகுப்பு. எப்போதும் எதிர்ப் பக்கத்துக்காரர்கள் அந்த அறையில்தான் போடுவார்கள், எங்கள் பக்கம் இந்த அறை. கூட்டத்தைப் பிரித்து விடுகிறார்கள் என்றுதான் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தோம். மச்சான் மை வைத்த விரலைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டார்.

“செல்வி! போட்டுட்டயா கண்ணு?”

“எங்க போடறது? நீ எங்கண்ணா இருக்கற?”

“நானா? அங்க உள்ளதான் இருக்கறேன். மேலயிருந்து எண்ணி வா, சீக்கிரம் வந்துருவேன்.”

பெரிய அதிகாரிக்கு அப்போது விளங்கிவிட்டது. பாவம், ரொம்பப் பொறுமையான மனுஷர். வாசல் வரை வந்து கையால் காற்றில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார்.

“பாருங்க, உங்க வீதி இருக்குதில்ல? அதோட நடுவுலதான் தொகுதி எல்லை. அந்தப் பக்கம் ஒரு தொகுதி. அதுக்கு அந்த அறை. இந்தப் பக்கம் வேற தொகுதி. அதுக்கு இந்த அறை. இவர் அந்தத் தொகுதியில நிக்கிறார். நீங்க இந்தத் தொகுதி ஓட்டர். நீங்க இவருக்குப் போட முடியாது.”

வராந்தாவில் எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். செல்வி வாசல் வாசலாக நின்று, காலில் விழாத குறையாகக் கேட்டு, தலையணைக்கே போடுகிறோம் என்று சத்தியம் செய்த அத்தனை பேரும். அத்தனை பேரும் இந்த அறை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“நடு ரோட்டுலயா சார் எல்லை?”

“ஆமா.”

“அப்ப அந்த ஹம்ப்...”

வரிசை முழுக்க “அய்யோ” என்றது. ஜல்லி தீரவில்லை. எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. அவர் தொகுதிக்குள் வருகிற ரோட்டுக்கு, அதாவது பாதி ரோட்டுக்கு, முழு வேலையைச் செய்துவிட்டார். எங்கள் மனு எல்லாம் வேலையை முடித்தவரிடமே போயிருக்கிறது. முடிக்க வேண்டியவருக்கு இப்படி ஒரு ஹம்ப் இருப்பதே தெரியாது.

“இத்தனை வருஷமா ஓட்டுப் போடறீங்க, ஆள் வேறன்னு தெரியலையா?” என்றார் போலீஸ்காரர்.

“நாங்க சின்னத்தைத்தானுங்க பார்ப்போம். மூஞ்சியை யாருங்க பார்த்தா?” என்றாள் செல்வி. அது நிஜம். ஒரு பேனரில் முப்பது மூஞ்சி இருக்கும், எதைப் பார்ப்பது?

“சரிம்மா, மை வெச்சாச்சு, மெஷினும் ஆன் பண்ணியாச்சு. யாருக்காவது போடுங்க. பின்னால ஆள் நிக்கிறாங்க. யாரும் பிடிக்கலைன்னா கடைசியில நோட்டா இருக்குது.”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ‘பீப்’ என்று நீளமாகச் சத்தம் வந்தது. எதை அமுக்கினாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. ரகசிய ஓட்டு என்றால் அதுதான் ரகசிய ஓட்டு.

தார்ப்பாய்த் தண்ணீர்

மச்சான் வாங்கிய ஓட்டு எவ்வளவு என்று எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நோட்டா எங்களை முந்திவிட்டது என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பத்துப் பேரும் போட்டார்களா என்பதில் அவருக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆட்டோவில் ஏறினால் டிரைவர் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் மச்சான் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். செல்வி படியில் உட்கார்ந்து அழுதாள்.

“என்னாலதானே அண்ணா? வீடு வீடாத் தப்பா அலைஞ்சேனே!”

“நீ என்ன கண்ணு பண்ணுவே? கோடு போட்டவன் சாக்பீஸ்ல போட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் மச்சான். பேச்சு வேடிக்கையாக இருந்தாலும் கை சாக்கைக் கட்டிக்கொண்டேதான் இருந்தது.

அப்போது தூரத்தில் தமட்டை மேளச் சத்தம். மச்சான் தொகுதியில் ஜெயித்தவர் ஊர்வலமாக வருகிறார். திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு, காது மறையும் அளவுக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவருக்கும் எல்லை எங்கே என்று தெரியவில்லை போலும், எங்கள் பக்கத்தையும் கும்பிட்டார்.

ஜீப் ஹம்ப்பை நெருங்கியது. டிரைவர் எல்லா டிரைவரும் செய்வதைச் செய்தார். மச்சான் கடைப் பக்கமாக ஒடித்தார்.

முந்தின நாள்தான் நல்ல மே மாத மழை. சாய்ந்த மூங்கிலில் கட்டியிருந்த தார்ப்பாய் எருமை வயிறு மாதிரி தண்ணீரைச் சுமந்துகொண்டு தொங்கியது. நின்றுகொண்டிருந்தவர் தலை அதில் நேராகப் போய் முட்டியது.

ஒரு வீதி முழுக்கக் குளிக்கலாம், அவ்வளவு தண்ணீர். தமட்டை நின்றுபோயிற்று. மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எல்லோரும் ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

மச்சான்தான் முதலில் ஓடினார், தோளில் இருந்த துண்டோடு. பதவிக்கு வந்தவர் தலையை, தோற்றவர் துவட்டிவிட்டார்.

“எதுக்குப்பா வண்டியை இங்கே ஒடிச்சே?” என்று டிரைவரிடம் கத்தினார் அவர்.

“ஹம்ப் சார்.”

“ஹம்ப்னா ரோடு பூரா இருக்கணுமே. மீதி எங்கே?”

“அதைக் கேட்கத்தான் சாமி உங்களை எதிர்த்து நின்னேன்” என்றார் மச்சான்.

அவர் மச்சானைப் பார்த்தார். ஹம்ப்பைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். “தலையணை நீங்கதானா?” என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தபிறகு நாங்களும் சிரித்துக்கொண்டோம். சூடாக ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போனார். காபி போடுவதற்காகச் சாக்கிலிருந்து பாத்திரத்தை எடுக்கவேண்டியதாயிற்று.

கோணல்

கொஞ்ச நாளில் லாரி வந்தது. தார் வாசம் வந்தது. மச்சான் பக்கத்துக்கும் அரை ஹம்ப் வந்துவிட்டது.

ஆனால் வேறு தொகுதி, வேறு கான்ட்ராக்டர் இல்லையா? அந்த ஆள் எங்கள் பாதியோடு சேர்த்துப் போடவில்லை. “அது அவங்க வேலை, நான் தொட மாட்டேன்” என்று, நாலு அடி தள்ளி, கடைக்கு நேராகப் போட்டுவிட்டுப் போனார். ஆக ஒரு பாதி இங்கே, ஒரு பாதி அங்கே. மேலேயிருந்து பார்த்தால் ஒடிந்த சீப்பு மாதிரி இருக்கும்.

மறுநாள் காலையில் பஸ் வந்தது. எங்கள் பக்க ஹம்ப்பைப் பார்த்து அந்தப் பக்கம் ஒடித்தது. அந்தப் பக்க ஹம்ப்பைப் பார்த்து இந்தப் பக்கம் ஒடித்தது. அத்தனை நீள பஸ் நாலு அடிக்குள் பாம்பு மாதிரி நெளிய முடியுமா? முடியாது. நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் ஊர்ந்து, ஊர்ந்து, இரண்டின் மேலும் கோணலாக ஏறி இறங்கிப் போனார். முழு ஹம்ப் போட்டிருந்தால்கூட இவ்வளவு மெதுவாகப் போயிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து எல்லா பஸ்ஸும் கடை வாசலில் ஊர்கிறது. மச்சான் சாக்கை அவிழ்த்துக் கொப்பரையை நிமிர்த்தினார். ஊர்கிற பஸ் ஜன்னலிலிருந்து கை நீட்டி இட்லி பார்சல் வாங்க ஆரம்பித்தார்கள். செல்வி ஓடியோடிக் கொடுப்பாள். வேலைக்கு ஒரு ஆள் போட்டு, அப்புறம் இன்னொரு ஆளும் போட்டார் மச்சான். ஹனூர்ப் பேச்சு போயே போயிற்று.

போன சட்டசபைத் தேர்தலில், காவ்யா, நீயும் கூட நின்று பார்த்தாயே, ஒரு புது வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தார். படித்த பிள்ளை. ஹம்ப்பைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன அநியாயம் இது! இப்படிக் கோணலாவா போடுவாங்க? நான் ஜெயிச்சா முதல் வேலையா ரெண்டையும் சேர்த்து நேராக்கித் தர்றேன்!”

கை தட்டுவோம் என்று எதிர்பார்த்தார். மச்சானோ கரண்டியோடு படியிலிருந்து குதித்து ஓடி வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து செல்வி ஓடினாள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு தொகுதிக்காரர்களும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்றோம்.

மச்சான் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சாமி, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். இந்தத் தெரு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான். எங்களுக்கு ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க!”